நேரத்துக்கு வடிவம் போட்டவர்கள்

டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சன், பணக்கார வீட்டு வரவேற்பறைகளுக்கு ஆடியோவும் டிவியும் செய்து விற்கும் கம்பெனி. அதன் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரே பஸ். அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்த அசெம்பிளரில் சுமார் 2800 வரிகள். பத்து வருஷத்துக்கு மேல் அந்த நிரலோடுதான் கருவிகள் விற்பனையாகின. எப்போதாவது ஒரு செய்தி காணாமல் போகும். போகிறது என்பது கம்பெனிக்கும் தெரியும்; எங்கே போகிறது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. 1997-இல் ஹாவ்லுண்ட், ஸ்கோ, லார்சன், லுண்ட் ஆகிய நால்வர் அந்த நெறிமுறையை மாதிரியாக எழுதி உப்பால் என்ற மென்பொருளுக்குள் போட்டார்கள். எது எதற்குப் பின்னால் நடந்தால் செய்தி தொலையும் என்பதை அது படிப்படியாக எழுதிக் கொடுத்துவிட்டது. திருத்தினார்கள். திருத்தம் சரிதான் என்பதையும் அதே மென்பொருளைக் கொண்டே நிரூபித்தார்கள்.

நான் கோவையில் நூற்பாலை இயந்திரங்களுக்குக் கன்ட்ரோலர் கோடு எழுதிப் பிழைத்தவன். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இரண்டு டைமர்கள் மோதிக்கொண்டால் ஆசிலோஸ்கோப்பை மாட்டிவிட்டு, கோளாறு மறுபடி எப்போது தலைகாட்டும் என்று டீயும் கையுமாகக் காத்திருப்பதுதான் எங்கள் பட்டறை முறை. அப்படிப்பட்டவனுக்கு இந்தச் செய்தி வயிற்றெரிச்சலைக் கிளப்பாமல் இருக்குமா? 2 விநாடிக்கும் 3 விநாடிக்கும் நடுவில் எண்ணி மாளாத கணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சோதிக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. பிறகு எப்படி உப்பால் ஒன்று விடாமல் பார்த்தேன் என்று சொல்கிறது?

கணங்களை அது எண்ணுவதே இல்லை. கடிகாரங்கள் காட்டக்கூடிய மதிப்புகளை மொத்தமாக ஒரு வடிவமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு கடிகாரம் என்றால் தாளில் ஒரு பலகோணம், மூன்று என்றால் ஒரு திண்மம், பத்து என்றால் பத்துப் பரிமாணத்தில் ஒரு பன்முகி. பாலிஹெட்ரா என்று வகுப்பில் சொல்வோம். அந்த வடிவத்தை வெட்டுவது, நீட்டுவது, ஒரு பரிமாணத்தை அழிப்பது, இரண்டை ஒட்டுவது, ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிறதா என்று பார்ப்பது எல்லாமே கணக்கு. அந்தக் கணக்கைச் செய்யும் லைப்ரரிகள் எப்படி உருவாயின என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இப்படிச் சரிபார்க்கும் துறையின் வரலாற்றைத் தேற்றங்களின் வரிசையாகவே எழுதிப் பழகிவிட்டார்கள். என் கண்ணுக்கு இது ஒரு பேரத்தின் வரலாறு: எவ்வளவு முரட்டு வடிவத்தை வைத்துக்கொண்டு வேகமாக ஓடலாம், அதற்கு எவ்வளவு துல்லியத்தை விட்டுக்கொடுக்கலாம் என்கிற பேரம்.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்துவிடலாம். லெவல் கிராசிங் கேட், இந்தத் துறையில் எல்லோரும் போடும் பழைய உதாரணம். சின்ன எண்களாகவே எடுத்துக்கொள்கிறேன். தண்டவாளத்து சென்சாரை ரயில் தாண்டியதும் ஒரு கடிகாரம் 0-இலிருந்து ஓடத் தொடங்குகிறது. அதை 'ர' என்போம். தாண்டி 2 முதல் 5 விநாடிக்குள் கன்ட்ரோலர் கேட் மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும். அந்தக் கணம் 'கே' என்ற கடிகாரம் 0-இலிருந்து கிளம்பும். மோட்டார் அதிகபட்சம் 3 விநாடியில் கேட்டை மூடிவிடும். ரயில் கிராசிங்குக்கு வந்து சேரக் குறைந்தது 12 விநாடி.

உத்தரவு போகும் கணத்தில் 'ர' 2-க்கும் 5-க்கும் இடையில், 'கே' 0. இனி நேரம் ஓட வேண்டும். இரண்டு கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதால் அவற்றின் வித்தியாசம் மாறாது. ர − கே எப்போதும் 2-க்கும் 5-க்கும் நடுவிலேயே நிற்கும். தனித்தனி உச்ச வரம்புகள் மட்டும் போய்விடும். இப்போது கே ≤ 3 என்ற நிபந்தனையைச் சேர்த்தால், ர ≤ 8 என்பது தானாக வந்து விழுகிறது. கேட் மூடும்போது ரயில் சென்சாரைத் தாண்டி 8 விநாடிக்கு மேல் ஆகியிருக்காது. 12-க்கு இன்னும் 4 விநாடி இருக்கிறது. ஆபத்தில்லை.

இந்தக் கணக்கில் வந்த ஒவ்வொரு வரம்பும் ஒரே சாயலில் இருப்பதைக் கவனியுங்கள்: ஒரு கடிகாரத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் இன்ன எண்ணுக்கு மேல் போகாது. எப்போதும் 0 காட்டும் ஒரு கற்பனைக் கடிகாரத்தைச் சேர்த்துக்கொண்டால் தனி வரம்புகளும் இந்தச் சாயலுக்குள் வந்துவிடும். அப்புறம் படமும் வேண்டாம், முனையும் வேண்டாம். ஒரு சதுர அணி போதும். வித்தியாச வரம்பு அணி, சுருக்கமாக டிபிஎம். நேரம் ஓட விடுவது என்றால் ஒரு நிரலில் முடிவிலியை எழுதுவது. கடிகாரத்தை 0-க்குத் திருப்புவது என்றால் கற்பனைக் கடிகாரத்தின் வரிசையையும் நிரலையும் நகலெடுப்பது. ர ≤ 8 என்று முடிவு வந்ததே, அது ஊருக்கு ஊர் குறுகிய வழி தேடும் கணக்குதான்; ஃபிளாய்டும் வார்ஷலும் 1962-இல் வெளியிட்ட முறை அப்படியே பொருந்தும்.

1983-இல் துலூஸ் நகரத்தில் பெர்தோமியூவும் மெனாஷும் நேரம் சேர்த்த பெட்ரி வலைகள் என்ற மாதிரிகளுக்கு இந்த வகைச் சமனிலிகளைப் பயன்படுத்தினார்கள். 1989-இல் டேவிட் டில் கிரெனோபிள் கருத்தரங்கில் வைத்த கட்டுரைதான் சரிபார்ப்பு உலகத்துக்கு இதைக் கொண்டுவந்தது. மறு வருஷமே ராஜீவ் அலூரும் டில்லும் கடிகாரம் மாட்டிய தானியங்கிகளின், அதாவது நிலைகளும் அவற்றை இணைக்கும் அம்புகளும் கொண்ட மாதிரிகளின், கோட்பாட்டை முன்வைத்தார்கள். அதன் முழு வடிவம் 1994-இல் வந்தது. அலூர் கான்பூர் ஐஐடியில் படித்தவர். கிரெனோபிளில் குரோனோஸ் என்ற கருவி வந்தது. 1995-இல் ஸ்வீடனின் உப்சாலாவும் டென்மார்க்கின் ஆல்போர்க்கும் சேர்ந்து, பெயரையும் பாதிப்பாதி போட்டு, உப்பாலை வெளியிட்டன.

உப்பாலின் டிபிஎம் லைப்ரரியில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. 'சிறியது அல்லது சமம்' என்பதும் 'சிறியது' என்பதும் வேறு வேறு; அதையும் எங்காவது குறித்து வைக்க வேண்டும். தனி இடம் ஒதுக்காமல், வரம்பெண்ணை ஒரு பிட் இடப்பக்கம் தள்ளிவிட்டு, காலியான கடைசிப் பிட்டில் அதை வைத்துவிட்டார்கள். சமம் சேர்ந்தால் 1, சேராவிட்டால் 0. 'கே ≤ 3' என்பது 7, 'கே < 3' என்பது 6. இதில் அழகு என்னவென்றால், எது இறுக்கமான வரம்பு என்று பார்க்க இரண்டு முழு எண்களை ஒப்பிட்டாலே போதும். பிட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. கோடி முறை நடக்கும் ஒப்பீட்டில் இந்தச் சிக்கனம் காசு. அசெம்பிளர் எழுதிய கை மட்டுமே இதை ரசிக்கும்.

ஆனால் அணிக்குள் அடங்குவது இவ்வளவுதான். மோட்டார் எத்தனை விநாடி எடுக்கும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால்? எந்த மோட்டார் வாங்குவது என்பதையே இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றால்? 3-ஐ எடுத்துவிட்டு 'மோ' என்று ஓர் எழுத்தைப் போடுகிறோம். கே ≤ மோ. ர − கே ≤ 5. இரண்டையும் சேர்த்து 'கே'யை நீக்கினால் ர ≤ 5 + மோ. ர − மோ ≤ 5 என்று மாற்றி எழுதிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் 'மோ' கடிகாரம் இல்லை, ஓடாது. இரண்டு மோட்டார் அடுத்தடுத்து ஓடினால் இரண்டு 'மோ'க்களின் கூட்டல் வந்து நிற்கும். அணி கையை விரித்துவிடும். கடிகாரங்களே சற்று முன்பின்னாக ஓடினாலும் இதே கதைதான். பிலிப்ஸ் கம்பெனியின் ஆடியோ நெறிமுறையில் கடிகாரப் பிசகு 5 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. 17-இல் ஒரு பங்குக்குக் குறைவான பிசகு வரை தாங்கும் என்று பாஷர், போலக், ஃபான்ட்ராகர் மூவரும் 1994-இல் கையாலேயே நிரூபித்தார்கள். அந்த மாதிரிக் கேள்விகளை இயந்திரத்திடம் விட வேண்டுமானால் முழுப் பன்முகி வேண்டும்.

அந்தக் கணக்கு இதைவிட மிகப் பழையது. மேலே 'கே'யை நீக்கினோமே, அந்த முறை ஜோசஃப் ஃபூரியேயினுடையது, 1820-களில் எழுதியது. வெப்பக் கணக்கால் பெயர்பெற்ற அதே ஃபூரியே. அதற்கு முன் அவர் கிரெனோபிளில் நெப்போலியனின் நிர்வாகியாகப் பல வருஷம் இருந்தார். நூற்றைம்பது வருஷம் கழித்து அந்த ஊரிலேயே இந்தக் கணக்கு நிரல்களை ஆராய வந்தது தற்செயல்தான். 1936-இல் தியோடோர் மாட்ஸ்கின் தன் பாஸல் ஆய்வேட்டில் மறுபடி அதைக் கையில் எடுத்தார். முறை எளிது: நீக்க வேண்டிய எழுத்துக்கு மேல்வரம்பு சொல்லும் ஒவ்வொரு சமனிலியையும், கீழ்வரம்பு சொல்லும் ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்க்க வேண்டும். 10 சமனிலிகள் சரிபாதியாகப் பிரிந்தால் 25. அந்த 25 பன்னிரண்டும் பதின்மூன்றுமாகப் பிரிந்தால் 156. அதுவும் பாதியாகப் பிரிந்தால் 6084. மூன்று எழுத்தை நீக்குவதற்குள் வெள்ளம் தலைக்கு மேல் போய்விடும்.

1953-இல் மாட்ஸ்கின், ரைஃபா, தாம்சன், த்ரால் நால்வரும் இன்னொரு வழி காட்டினார்கள். ஒரே வடிவத்தை இரண்டு விதமாக எழுதி வைத்துக்கொள்வது: சுவர்களின் பட்டியல் ஒன்று, அதாவது சமனிலிகள், முனைகளும் முடிவில்லாமல் நீளும் கதிர்களும் கொண்ட பட்டியல் இன்னொன்று. ஒன்றில் மலையாக நிற்பது மற்றதில் துரும்பு. இரண்டு வடிவங்களின் பொதுப் பகுதி வேண்டுமா, சுவர்ப் பட்டியல்களை ஒன்றாக ஒட்டிவிட்டால் தீர்ந்தது. நேரம் ஓட வேண்டுமா, முனைப் பட்டியலில் ஒரு கதிரைச் சேர்த்தால் போதும்: எல்லாக் கடிகாரத்துக்கும் 1, 'மோ'வுக்கு 0. ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் செலவு. 20 பரிமாணக் கனசதுரத்துக்குச் சுவர்கள் 40, முனைகள் 10,48,576. சோவியத் கணிதவியலாளர் செர்னிக்கோவா 1960-களில் மாற்றும் முறையைச் செப்பனிட்டார். இந்தத் துறையின் லைப்ரரிகள் பலவும் அவர் போட்ட தடத்தில்தான் போகின்றன.

நிரல்களை ஆராய இதைக் கொண்டுவந்தவர்களுக்கு நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. 1978-இல் பாட்ரிக் கூஸோவும் நிக்கோலா ஹல்ப்வாக்ஸும் கிரெனோபிளிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நிரலை ஓட்டாமலேயே அதன் மாறிகளுக்குள் என்ன உறவு நிலைக்கும் என்று பன்முகிகளை வைத்துக் கண்டுபிடிப்பது அதன் சாரம். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கட்டுரையிலிருந்து கருவிகள் முளைத்துக்கொண்டே இருந்தன. ரென் நகரத்து இரிஸா ஆய்வுக்கூடத்தில் லெ வெர்ஜ் 1992-இல் செர்னிக்கோவா முறையை நிரலுக்கேற்பத் திருத்தி ஒரு குறிப்பு எழுதினார். அடுத்த வருஷம் அதே இடத்தில் டோரன் வைல்ட் ஒரு முழு லைப்ரரியை எழுதி வெளியிட்டார். பாலிலிப் அதன் வாரிசு. இந்தக் குறிப்பும் அறிக்கையும் பரிசு வாங்கிய கட்டுரைகள் இல்லை. ஆனால் என் மேஜையில் அதிகம் கசங்கியவை அவைதான்.

நேரத்தையும் பன்முகியையும் ஊரறியச் சேர்த்து வைத்தது ஹைடெக் என்ற கருவி. கார்னெலில் ஹென்ஸிங்கர், ஹோ, வாங்-டாய் மூவரும் 1990-களின் நடுவில் கட்டியது. முதல் வடிவம் மேத்தமேட்டிகாவில் இருந்தது, நத்தை வேகம். பிறகு ஹல்ப்வாக்ஸின் பன்முகி லைப்ரரியை உள்ளே வைத்து சி பிளஸ் பிளஸ்ஸில் திருப்பி எழுதினார்கள். பிலிப்ஸ் ஆடியோ நெறிமுறையையும் 1995-இல் இயந்திரத்திடமே விட்டுச் சரிபார்த்தார்கள். அதன் பலவீனம் எண்களில் இருந்தது. சமனிலிகளை ஜோடி சேர்க்கச் சேர்க்கக் கெழுக்கள் பெருகும். குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் எண் வளர்ந்தால் ஹைடெக்கில் நிரம்பி வழிந்துவிடும். ஒன்பது இலக்கக் கெழுவை ஒன்பது இலக்கக் கெழுவால் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள், புரியும்.

அந்த ஓட்டையை அடைத்தவர்கள் இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தார். ராபர்ட்டோ பன்யாரா அங்கே 2001-இல் தொடங்கிய வேலை, லீட்ஸிலிருந்து பட்ரீஷியா ஹில், பார்மாவின் எனேயா ஸஃபனெல்லா ஆகியோரோடு வளர்ந்து, பார்மா பாலிஹெட்ரா லைப்ரரி ஆனது. சுருக்கமாக பிபிஎல். எண் எவ்வளவு நீண்டாலும் நீளட்டும் என்று, எல்லையில்லாத முழு எண்களை வைத்தே கணக்கிட்டது. இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. நம் கேட்டுக்கே வருவோம்: 5 + மோ, 12-க்குள் இருக்க வேண்டும், மோ ≤ 7 என்றால், கேட் மூடும் அதே கணத்தில் ரயிலும் வந்து நிற்கலாம். எனக்கு அது வேண்டாம். மோ < 7 என்றுதான் வேண்டும். முனைப் பட்டியலில் இந்தச் 'சமம் சேராத' சுவரை எழுத நேர்வழி இல்லை. எப்சிலான் என்ற ஒரு போலிப் பரிமாணத்தைக் கூடுதலாகச் சேர்த்து அதற்குள் ஒளித்து வைக்கும் உபாயத்தை ஹல்ப்வாக்ஸ் குழுவினர் காட்டியிருந்தார்கள். பார்மாக்காரர்கள் அதை ஒழுங்காக லைப்ரரிக்குள் கொண்டுவந்தார்கள். டிபிஎம்மில் ஒரே பிட்டில் முடிந்த விஷயத்துக்கு இங்கே ஒரு முழுப் பரிமாணம் செலவாகிறது. வடிவம் பெரிதானால் விலையும் பெரிது.

2005-இல் கோரன் ஃப்ரேஸே, பிபிஎல்லை வைத்து ஃபேவர் என்ற கருவியை எழுதி, ஹைடெக் மூச்சுத் திணறிய கணக்குகளைப் போட்டுக் காட்டினார். 2009-இல் ஜிசிசி கம்பைலரின் 4.4 பதிப்பே லூப்புகளை மாற்றியமைக்க பிபிஎல்லைச் சேர்த்துக்கொண்டது, 4.8-இல் கழற்றிவிட்டு ஐஎஸ்எல் என்ற இன்னொரு லைப்ரரிக்குப் போய்விட்டது. அதனால் பிபிஎல்லுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எத்தியென் ஆந்த்ரே எழுதிய இமிடேட்டர் முதலில் ஹைடெக்கைக் கூப்பிடும் ஒரு பைத்தான் நிரலாக இருந்தது. பிறகு ஓகேமல் மொழியில் திருப்பி எழுதப்பட்டு பிபிஎல் மேல் உட்கார்ந்தது. எண்ணுக்குப் பதில் 'மோ' மாதிரி எழுத்துகளைக் கொடுத்தால், எந்த நிபந்தனையில் அமைப்பு ஒழுங்காக நடக்கும் என்று சொல்லும் கருவி அது. பாலிஆப் என்று அவருடைய இன்னொரு குட்டி நிரலும் உண்டு. சமனிலிகளைக் கோப்பில் எழுதிக் கொடுத்தால் வெட்டு, நீக்கம், நேர ஓட்டம் எல்லாம் செய்து விடையை எழுத்திலேயே காட்டும். வகுப்பில் கரும்பலகைக்கு அடுத்தபடி எனக்கு உதவுவது அதுதான். "சார், இது பிளேஸ்மென்ட்ல கேப்பாங்களா?" என்று பையன்கள் கேட்பார்கள். கேட்க மாட்டார்கள் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பேரம் என்றேனே, அதில் மோசமாகக் கைசுட்ட இடத்தை இன்னும் சொல்லவில்லை. டிபிஎம் கருவிகள் முடிவில்லாமல் ஓடாதிருக்க ஒரு குறுக்குவழி வைத்திருந்தன. மாதிரியில் வரும் மிகப் பெரிய எண் 12 என்றால், 12-க்கு மேற்பட்ட வரம்பை முடிவிலி என்றே வைத்துக்கொள்ளலாம்; வித்தியாசம் யாருக்கும் தெரியப் போவதில்லை. உப்பால், குரோனோஸ் எல்லாவற்றிலும் இது இருந்தது. சரிதான் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2003-இல் பட்ரீஷியா பூயே ஒரு தானியங்கியை வரைந்து காட்டினார். நான்கு கடிகாரம், கடிகாரங்களின் வித்தியாசத்தையே நிபந்தனையாக வைக்கும் அம்பும் அதில் உண்டு. உண்மையில் போகவே முடியாத நிலைக்கு, போகலாம் என்று அந்தக் குறுக்குவழி சொன்னது. வித்தியாச நிபந்தனை இல்லாத மாதிரிகளுக்கு வழி சரி என்பதையும் அவரே நிரூபித்தார். இருந்தால், இந்த வகையில் எந்தக் குறுக்குவழியும் உதவாது. சரிபார்க்கும் கருவியை இத்தனை காலம் யாரும் சரிபார்க்கவில்லை. இதற்கு மேல் நான் திட்ட ஒன்றுமில்லை. அந்தக் கட்டுரையின் தலைப்பே ஓர் ஆச்சரியக்குறியோடு முடிகிறது.

அந்த விரிசலிலிருந்து கிளம்பிய ஆராய்ச்சியில் ஒரு பங்கு சென்னைக்கு அருகே சிறுசேரியில் நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. குறுக்குவழிக்காக வடிவத்தை எவ்வளவு தூரம் தைரியமாகப் பெருக்கலாம் என்பதற்கு எர்ப்ரெத்தோ, ஸ்ரீவத்சன், வலுகேவிச் மூவரும் 2012-இல் எல்லை காட்டினார்கள். பெருக்கிய வடிவத்தை நினைவில் வைக்கவே வேண்டாம், அடங்குகிறதா என்ற கேள்வியை மட்டும் அணியில் விரைவாகக் கேட்டால் போதும் என்றார்கள். ஸ்ரீவத்சன் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் இருக்கிறார். 2018-இல் அவரும் காஸ்தேனும் முகர்ஜியும், பூயே மூடிய அதே வித்தியாச நிபந்தனைக் கதவுக்குப் பக்கத்தில் வேறு வாசல் திறந்தார்கள். போர்தோவில் எழுதப்பட்ட டிசெக்கர் என்ற திறந்த கருவி இந்தப் பரம்பரையைச் சேர்ந்தது.

இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். முகம் காட்டினால் வருகை பதிவாகும் ஆப், பார்க்கிங் ஆப் எல்லாம் செய்து அலுத்துவிட்டது. பிபிஎல், உப்பாலின் டிபிஎம் லைப்ரரி, இமிடேட்டர், டிசெக்கர் எல்லாவற்றின் மூலக்கோடும் திறந்தே கிடக்கிறது. டிபிஎம் லைப்ரரியை இறக்கி, அந்தக் கடைசிப் பிட்டை வேண்டுமென்றே ஓரிடத்தில் புரட்டிப் போட்டுவிட்டு, அதோடு வரும் சோதனைகளில் எது அதைப் பிடிக்கிறது, எது கோட்டை விடுகிறது என்று பட்டியல் எடுத்து வாருங்கள். முழு மதிப்பெண் நான் போடுகிறேன்.